ஆரோக்கியமானவர்களை அனுப்புகிறோம்... சாவுக்குக் காரணம் கேட்கிறோமா?

புலம்பெயர்ந்தவர்கள் குறைவாகவே இறக்கிறார்கள் என்கின்றன உலக ஆய்வுகள். அந்த நல்ல சேதிக்குப் பின்னால் மறைந்துபோகும் சாவுகள் பற்றிய சிறப்புக் கட்டுரை.

வளைகுடா வேலைக்காக ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தவர், விசாவுக்கு முன்பே கடக்க வேண்டியது ‘மெடிக்கல்’. அங்கீகாரம் பெற்ற மையத்தில் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். ரத்தமும் சிறுநீரும் சோதிப்பார்கள். காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமிகள், எச்.ஐ.வி. எனப் பட்டியல் நீளும். எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு நுரையீரலில் தெரிந்தாலே ‘அன்ஃபிட்’ என்று சொல்லிவிடுவார்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம் அதோடு போச்சு. ‘ஃபிட்’ என்று வந்தவர் மட்டுமே விமானம் ஏறுவார். போய் இறங்கிய நாட்டிலும் இன்னொரு பரிசோதனை உண்டு. அதில் தவறினால் அடுத்த விமானத்தில் ஊருக்கு.

2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின் கணக்குப்படி, தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடுகளில் இருப்பவர்கள் சுமார் 22 லட்சம். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா ஆகிய மூன்றும்தான் பட்டியலில் முன்வரிசையில் நின்றன. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், தஞ்சாவூர் என்று எந்த மாவட்டத்துக்குப் போனாலும், வீட்டுக்கொருவர் ‘வெளிநாட்டுல’ இருக்கும் தெருக்கள் உண்டு. அந்தத் தெருக்களின் இளைஞர்களில் உடம்பில் குறையில்லை என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் 35 வயதில் பெட்டியில் திரும்பி வருகிறார். கூடவே வரும் காகிதத்தில் ‘இயற்கை மரணம்’ என்றோ, ‘இதயத் துடிப்பு நின்றது’ என்றோ ஒரு வரி. “நல்லாத்தானே இருந்தான், போன வாரம்கூட வீடியோ கால்ல பேசினானே” என்று தாய் கேட்கும் கேள்விக்கு அந்த வரியில் பதில் இல்லை.

அவர் கேட்கும் அதே கேள்வியைத்தான் கடந்த அரை நூற்றாண்டாக உலகின் பல நாடுகளில் தொற்றுநோயியல் வல்லுநர்களும் மக்கள்தொகை ஆய்வாளர்களும் வேறு வேறு வடிவங்களில் கேட்டுவருகிறார்கள். புலம்பெயர்ந்தவர்களின் இறப்பு விகிதம் பொதுவாகக் குறைவு என்பது அவர்கள் கண்ட உண்மை. அந்தக் குறைவே, தடுத்திருக்கக்கூடிய சாவுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுகிறது என்பது அதே ஆய்வுகளை ஊன்றிப் படித்தால் கிடைக்கும் இன்னோர் உண்மை. தமிழ்நாட்டுக்கு இந்த இரண்டாவது உண்மைதான் முக்கியம்.

நூற்றுக்கு எழுபது

ஐ.நா.வின் மதிப்பீட்டில், 2024-இல் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்ந்தவர்கள் 30.4 கோடிப் பேர். இவர்களின் சாவு பற்றி இதுவரை வெளிவந்த மிகப் பெரிய தொகுப்பு ஆய்வுகளில் ஒன்று, 2018 டிசம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ராபர்ட் ஆல்ட்ரிட்ஜும் அவருடைய குழுவினரும் 96 ஆய்வுகளைத் திரட்டி, 1.5 கோடிக்கும் மேற்பட்ட புலம்பெயர்ந்தோரின் தரவுகளை அலசினார்கள். ஒரு நாட்டின் உள்ளூர் மக்களிடையே நூறு சாவுகள் நிகழும் நிலையில், அதே வயது, பால் அமைப்புக் கொண்ட புலம்பெயர்ந்தோரிடையே எழுபதுதான் நிகழ்கின்றன என்று அவர்களின் கணக்கு காட்டியது.

புதிதாக வந்தவர்கள் நோயைக் கொண்டுவருகிறார்கள், மருத்துவமனைகளுக்குச் சுமையாகிறார்கள் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசியல் மேடைகளில் முழங்குகிறவர்களுக்கு இந்த எண் நேரடியான மறுப்பு. புற்றுநோய், இதய நோய், செரிமான மண்டல நோய், நரம்பு நோய் எனப் பெரும்பாலான பிரிவுகளில் புலம்பெயர்ந்தோரின் இறப்பு குறைவாகவே இருந்தது. இரண்டு பிரிவுகளில் மட்டும் கணக்கு தலைகீழானது. தொற்றுநோய்ச் சாவுகள் உள்ளூர்க்காரர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். விபத்து, வன்முறை போன்ற வெளிக்காரணச் சாவுகளும் கால் பங்குக்கு மேல் கூடுதல்.

இந்த ஆய்வின் எல்லையையும் கவனிக்க வேண்டும். இதில் சேர்ந்த தரவுகளில் மிகப் பெரும்பகுதி பணக்கார மேற்கு நாடுகளிலிருந்து வந்தவை. அங்கே இறப்புப் பதிவேடு ஒழுங்காக இருக்கிறது. பிறந்த நாடு எது என்று அதில் எழுதுகிறார்கள். நம்மவர்கள் பெருவாரியாக உழைக்கும் பாலைவனக் கட்டுமானத் தளங்கள் அந்த எழுபதுக்குள் அநேகமாக இல்லை.

ஏழைகளாகப் போனவர்கள் எப்படிக் குறைவாக இறக்கிறார்கள் என்ற புதிரை முதலில் அழுத்தமாக எழுப்பியவர்கள் அமெரிக்காவின் கிரியாகோஸ் மார்க்கிடெஸும் ஜெனின் கொரெயிலும். அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினருக்கு வருமானம் குறைவு, படிப்பு குறைவு, மருத்துவக் காப்பீடு குறைவு. இருந்தும் அவர்களுடைய உடல்நலம் வெள்ளையர்களின் அளவுக்கு நெருங்கி இருந்ததை 1986-இல் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2010-இல் அமெரிக்க அரசு முதன்முறையாக லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கெனத் தனியாக ஆயுள் அட்டவணை வெளியிட்டபோது புதிர் இன்னும் பெரிதானது. 2006-ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்களின் சராசரி ஆயுள் 80.6, வெள்ளையர்களுக்கு 78.1.

விளக்கத்தின் முதல் பாதி எளிது. நோயாளி கடல் கடக்க மாட்டார். கடன் வாங்கி, மொழி தெரியாத ஊருக்குப் போய், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கத் துணிகிறவர் ஏற்கெனவே திடகாத்திரமானவர். அதற்கு மேல் அரசுகளும் முதலாளிகளும் மருத்துவச் சோதனை வைத்து வடிகட்டுகிறார்கள். இப்படித் தேர்ந்தெடுத்த கூட்டத்தை, நோயாளிகளும் முதியவர்களும் கலந்த ஒரு நாட்டின் மொத்த மக்களோடு ஒப்பிட்டால் அவர்கள் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள்.

நோயோடு ஊர் திரும்பியவர்கள்

மறுபாதிதான் பல ஆண்டுகள் விவாதத்துக்கு உள்ளானது. உடம்பு முடியாமல் போனவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்றால், அவர்களின் சாவு போன நாட்டுக் கணக்கில் ஏறாது. பிறந்த ஆற்றுக்கே திரும்பி இறக்கும் மீனின் பெயரால் ஆய்வாளர்கள் இதைச் ‘சால்மன் விளைவு’ என்கிறார்கள்.

1999-இல் அனா அப்ரைடோ-லான்சாவும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதிக்க நேர்த்தியான வழி ஒன்றைக் கண்டார்கள். அமெரிக்காவில் வாழும் கியூபர்கள் அரசியல் காரணங்களால் அப்போது நாடு திரும்ப முடியாதவர்கள். புவெர்ட்டோ ரீக்கோவினர் திரும்பினாலும் அவர்களின் சாவு அமெரிக்கக் கணக்கில்தான் சேரும். ஆக, இந்த இரண்டு குழுக்களிடமும் சால்மன் விளைவு கணக்கைக் கெடுக்க முடியாது. இருந்தும் இரு குழுக்களுக்கும் இறப்பு குறைவாகவே இருந்தது. அதனால் புலம்பெயர்ந்தோரின் ஆரோக்கியம் முழுக்கக் கணக்குப் பிழை அல்ல என்பது உறுதியானது. ஆனால் மெக்சிகோவினரை மட்டும் தனியே ஆராய்ந்த ஆல்பர்ட்டோ பலோனியும் எலிசபெத் ஆரியாஸும், 2004-இல் அவர்களின் சாதக நிலைக்குத் திரும்பிச் செல்லுதல் ஒரு முக்கியக் காரணம் என்று வாதிட்டார்கள். உடல்நலம் குன்றியவர்களே மெக்சிகோவுக்கு அதிகமாகத் திரும்புகிறார்கள் என்பதைப் பிற்கால ஆய்வுகளும் காட்டின.

அமெரிக்காவில் இது புள்ளிவிவரத்தைத் திருத்தும் வேலை. அனுப்புகிற நாட்டுக்கு இது உயிர்ப் பிரச்சினை. போன நாட்டின் ஏட்டில் ஏறாத சாவு, திரும்பிய ஊரின் சுடுகாட்டில் நிகழ்கிறது. அங்கே அதை ‘வெளிநாட்டு வேலையால் வந்த சாவு’ என்று யாரும் பதிவு செய்வதில்லை.

தென்னாப்பிரிக்கா இதற்குக் கண்முன் நிற்கும் சான்று. லெசோத்தோ, மொசாம்பிக், போட்ஸ்வானா, எஸ்வாட்டினி நாடுகளிலிருந்து லட்சக்கணக்கானோர் தலைமுறை தலைமுறையாகத் தங்கச் சுரங்கங்களில் வேலை பார்த்தார்கள். பாறையை உடைக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து, அதைக் கல்லாக்கிவிடும். நோய் முற்றப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் ஒப்பந்தம் முடிந்து தொழிலாளி கிராமத்துக்குத் திரும்பியிருப்பார். கூடவே காசநோய் வந்து ஒட்டிக்கொள்ளும். சுரங்க நிறுவனங்களின் ஏடுகளில் இவர்கள் நலமாக வேலை முடித்துப் போனவர்கள். வழக்கு நடத்தித்தான் கணக்கைத் திருத்த வேண்டியிருந்தது. 2019-இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் குறைந்தது 500 கோடி ராண்ட் இழப்பீட்டுக்கான உடன்பாட்டை ஏற்றது.

அதே நாட்டின் அகின்கோர்ட் வட்டாரத்தில் பல்லாண்டுகளாக வீடு வீடாகப் பிறப்பு, இறப்புகளைக் கணக்கெடுத்துவருகிறார்கள். வேலைக்காக வெளியூர் போய்ச் சமீபத்தில் திரும்பியவர்களுக்கு, ஊரிலேயே இருந்தவர்களைவிடச் சாவு அதிகம் என்று 2007-இல் சாமுவேல் கிளார்க் குழுவினர் எழுதினார்கள். தொலைவிலிருந்து தரவு திரட்டியவர்களுக்குத் தெரியாத இந்த உண்மை, ஊரில் உட்கார்ந்து எண்ணியவர்களுக்குத் தெரிந்தது.

வயதோடு கரையும் வலிமை

தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்ட உடம்பு என்றைக்கும் அப்படியே இருப்பதில்லை. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் தரவுகளை மிஷேல் கியோவும் சக ஆய்வாளர்களும் வயதுவாரியாக 2018-இல் பிரித்துப் பார்த்தார்கள். சிறு வயதில் புலம்பெயர்ந்தோரின் இறப்பு உள்ளூர்க்காரர்களைவிட அதிகம். உழைக்கும் வயதில் மிகக் குறைவு; 45 வயதை ஒட்டிய காலத்தில் வித்தியாசம் உச்சத்தில் இருக்கிறது. முதுமையில் அது கரைந்துபோகிறது. குழந்தைகள் யாரும் ‘ஃபிட்’ ஆகித் தேர்வாகி வருவதில்லை, பெற்றோரோடு வருகிறார்கள். அதனால்தான் அந்த வயதில் சாதகம் இல்லை.

பிள்ளைகளின் தலைமுறையில் நிலை இன்னும் கசப்பானது. பிரான்ஸிலேயே பிறந்த, வட ஆப்பிரிக்கப் பெற்றோரின் மகன்கள் 65 வயதுக்குள் இறக்கும் வாய்ப்பு, பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தவர்களைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு என்று அதே குழு 2019-இல் கண்டது. அவர்களின் தந்தையரோ அந்நாட்டவரைவிடக் குறைவாக இறந்தவர்கள். ஒரே தலைமுறையில் சாதகம் பாதகமானதை உடற்கூறு கொண்டு விளக்க முடியாது. வேலையின்மை, புறநகர்க் குடியிருப்பு, பாகுபாடு ஆகியவற்றைப் பார்க்காமல் இதற்கு விடை கிடைக்காது.

சூழல் உடம்பை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஜப்பானியர்களைப் பற்றிய ‘நி-ஹான்-சான்’ ஆய்வைவிடத் தெளிவான உதாரணம் அரிது. 1960-களில் தொடங்கிய இந்த ஆய்வு ஹிரோஷிமா, நாகசாகியில் இருந்தவர்கள், ஹொனலுலுவுக்குப் போனவர்கள், சான் பிரான்சிஸ்கோ பகுதிக்குப் போனவர்கள் என்று ஒரே இனத்து ஆண்களை மூன்று இடங்களில் ஒப்பிட்டது. மாரடைப்பு நோய் ஜப்பானில் மிகக் குறைவு, ஹவாயில் நடுத்தரம், கலிஃபோர்னியாவில் அதிகம். 1976-இல் மைக்கேல் மார்மட்டும் லெனர்ட் சைமும் கலிஃபோர்னியா ஜப்பானியர்களை மேலும் பிரித்துப் பார்த்தார்கள். உறவும் சமூகக் கட்டும் ஜப்பானிய முறையிலேயே தொடர்ந்தவர்களிடம் இதய நோய் ஜப்பானில் இருப்பதுபோலக் குறைவாகவே இருந்தது. அந்தப் பிணைப்பை இழந்தவர்களிடம் அது மூன்று முதல் ஐந்து மடங்கு. உணவு, கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றை ஒதுக்கிக் கணக்கிட்ட பின்னும் வித்தியாசம் முழுவதும் மறையவில்லை.

பிரிட்டனுக்குப் போன தெற்காசியர்களுக்கு நடந்தது இதன் மறுபக்கம். 1970 முதல் 1978 வரை இங்கிலாந்து, வேல்ஸில் இறந்த புலம்பெயர்ந்தோரைப் பற்றி 1984-இல் மார்மட் வெளியிட்ட அறிக்கை, இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்தவர்களுக்கு மாரடைப்புச் சாவு மிகுதி என்றது. தொப்பையில் சேரும் கொழுப்பு, இன்சுலின் சரியாக வேலை செய்யாமை, சர்க்கரை நோய் ஆகிய மூன்றும் இதற்குப் பின்னால் இருப்பதைப் பால் மெக்கீகும் மார்மட்டும் லண்டனின் சவுத்தால் பகுதியில் செய்த ஆய்வு 1991-இல் எடுத்துக்காட்டியது. உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே நம்மவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று இன்று நம் ஊர் டாக்டர்களும் சொல்வதற்குப் பின்னால் இந்தப் புலம்பெயர்ந்தோர் ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாலைவனத்தில் நிற்கும் இதயங்கள்

2019 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியுறவு அமைச்சகம் ஒரு கணக்கை வைத்தது. 2014 முதல் அதுவரை ஆறு வளைகுடா நாடுகளில் இறந்த இந்தியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 34,000 பேர். நாளொன்றுக்குச் சுமார் 15 பேர். செய்தி வந்ததும் அதிர்ச்சி எழுந்தது. உடனே எதிர்வாதமும் வந்தது: அங்கே 85 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள், அப்படியானால் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஒருவர்கூட இறக்கவில்லை, இந்தியாவிலோ ஆயிரத்துக்கு ஆறு பேர் இறக்கிறார்கள், இதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

இந்த எதிர்வாதம்தான் ஆபத்தானது. இந்தியாவின் ஆறு என்ற எண்ணில் பச்சிளம் குழந்தைகளும் எண்பது வயதுப் பாட்டிகளும் சேர்ந்திருக்கிறார்கள். வளைகுடாவில் இருப்பவர்களோ பெரும்பாலும் இருபதிலிருந்து ஐம்பதுக்குள், சோதித்து எடுக்கப்பட்ட ஆண்கள். அவர்கள் மத்தியில் சாவு குறைவாக இருப்பது எதிர்பார்க்க வேண்டியதே. இவர்களில் எத்தனை பேர் சாகாமல் இருந்திருக்க முடியும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அப்படிக் கேட்ட அரிய ஆய்வு ஒன்று நேபாளத்திலிருந்து வந்தது. பந்தனா பிரதானும் டோர்ட் ஷெல்ஸ்ட்ரோமும் பிற வல்லுநர்களும் சேர்ந்து, 2009 முதல் 2017 வரை கத்தாரில் இறந்த 1,300-க்கும் மேற்பட்ட நேபாளிகளின் பதிவுகளை, அந்தந்த மாத வெப்பநிலையோடு வைத்துப் பார்த்தார்கள். 2019-இல் ‘கார்டியாலஜி’ இதழில் முடிவு வெளியானது. உலக அளவில் 25 முதல் 35 வயதினரின் சாவுகளில் இதய, ரத்தநாள நோய்களின் பங்கு 15 சதவீதம். கத்தார் நேபாளிகளிடம் அது குளிர்காலத்தில் 22 சதவீதம். வெயில் காலத்தில் 58 சதவீதம். இதய, ரத்தநாளக் காரணம் எழுதப்பட்ட 571 சாவுகளில் 200 வரை, வெப்பத்திலிருந்து ஒழுங்காகப் பாதுகாத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

வெப்பம் கொல்லும் விதம் மருத்துவத்துக்குத் தெரியாத மர்மம் அல்ல. உடம்பு தன் சூட்டை வியர்வையால் தணிக்கிறது. கடலோர வளைகுடாவின் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். சூடு உள்ளேயே நிற்கும். தோலுக்கு ரத்தத்தைத் தள்ள இதயம் விரைந்து துடிக்கும். நீர் வற்றி ரத்தம் கெட்டியாகும். கனமான வேலை செய்யும் தசையும் தன் பங்குக்குச் சூட்டைக் கூட்டும். இருபத்தைந்து வயது இதயமும் இதில் தோற்கலாம். பகலில் சுருண்டு விழாமல், இரவு கேம்ப் அறையில் தூக்கத்தில் இறந்தவரின் காகிதத்தில் வெயில் என்ற காரணம் வராது. ‘இதயத் துடிப்பு நின்றது’ என்று வரும். எல்லாச் சாவிலும் இதயம் நிற்கத்தான் செய்கிறது. அதை எழுதுவதால் காரணம் எதுவும் சொன்னதாகாது.

புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் நிலையை ஆராயக் கத்தார் அரசே அமர்த்திய டி.எல்.ஏ. பைப்பர் சட்ட நிறுவனம், இதயக் கோளாறு என்று எழுதப்படும் சாவுகளைத் தனியே ஆராயவும் பிணப் பரிசோதனைக்குச் சட்டத்தைத் திருத்தவும் 2014-இலேயே பரிந்துரைத்தது. 2021 பிப்ரவரியில் ‘கார்டியன்’ நாளிதழ், உலகக் கோப்பைப் போட்டி கத்தாருக்குக் கிடைத்த பிறகான பத்தாண்டுகளில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கையைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்ததாகக் கணக்கிட்டது. அவர்கள் எல்லோரும் மைதானம் கட்டியவர்கள் அல்ல. ஆனால் இந்தியா, நேபாளம், வங்கதேசத்தவரின் சாவுகளில் சுமார் 69 சதவீதம் ‘இயற்கை’ என்றே பதிவாகியிருந்தது. தெற்காசிய, தென்கிழக்காசியத் தொழிலாளர்களில் வளைகுடாவில் ஆண்டுக்கு 10,000 பேர் வரை இறப்பதாகவும், பாதிக்கு மேற்பட்ட சாவுகளுக்கு உருப்படியான காரணம் எழுதப்படவில்லை என்றும் 2022-இல் ‘வைட்டல் சைன்ஸ்’ என்ற தொண்டமைப்புகளின் கூட்டமைப்பு அறிக்கை தந்தது.

அழுத்தம் கொடுத்தால் மாற்றம் வருகிறது என்பதற்கும் கத்தாரே சாட்சி. 2021 முதல் அங்கே ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். எண்களைத் திரட்டி முன்வைத்த பிறகே இது நடந்தது.

இறப்பதற்கு முன் வரும் நோயும் உண்டு. நாள்தோறும் நீர் வற்றி வேலை செய்பவரின் சிறுநீரகம் சிறிது சிறிதாகத் தழும்பாகிறது. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறுநீரகச் செயலிழப்பால் இறந்தபோது இந்த நோய் உலகின் கவனத்துக்கு வந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பிய நேபாள இளைஞர்களை இன்று டயாலிசிஸ் படுக்கைகளில் பார்க்க முடிகிறது. தமிழ்நாட்டில் வெயிலில் பாடுபடும் விவசாயத் தொழிலாளர்களிடமும் காரணம் தெரியாத சிறுநீரக நோயை மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். வெளிநாட்டு வெயிலில் பத்தாண்டு நின்றுவிட்டுத் திரும்பியவர்களை மட்டும் யாரும் தனியே தேடிப் பார்க்கவில்லை.

ஒரே கிருமி, இரு முகம்

2020-இல் கொரோனா சிங்கப்பூரின் தொழிலாளர் டார்மிட்டரிகளில் பரவியது. ஒரே அறையில் பன்னிரண்டு, பதினாறு பேர். தமிழர்களும் வங்கதேசத்தவரும் அதில் கணிசம். டார்மிட்டரிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 1,52,794 பேருக்கு, அதாவது 47 சதவீதத்தினருக்கு, தொற்று வந்திருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. இறந்தவர்களோ விரல் விட்டு எண்ணும் அளவே. இளம் வயதும் சோதித்து எடுத்த உடம்பும் அவர்களைக் காப்பாற்றின. அந்த அறைகள் பாதுகாப்பானவை என்று இதை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. நாட்டின் மற்ற மக்களிடையே மிகக் குறைவாக இருந்த தொற்று, இங்கே இருவரில் ஒருவரைத் தொட்டது.

சுவீடனில் கதை வேறு. அங்கே புலம்பெயர்ந்தவர்கள் முதுமைவரை வாழ்கிறார்கள். ஸ்வென் ட்ரெஃபால் தலைமையிலான ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வு 2020-இல் காட்டியபடி, ஏழை, நடுத்தர வருமான நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் கொரோனாச் சாவு உள்ளூர்க்காரர்களைவிட அதிகம். அதே மக்களுக்கு மற்றக் காரணங்களால் வரும் சாவில் அப்படி ஒரு கூடுதல் இல்லை. நெரிசலான வீடும், வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலையும் கிருமிக்கு வழி திறந்தன. உடம்பு எவ்வளவு ஆரோக்கியமானதாக இருந்தாலும், கிருமி யாரைத் தொடும் என்பதை வசிக்கும் இடமும் வேலையுமே முடிவு செய்கின்றன என்பதே இரண்டு நாடுகளும் சொல்வது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் பற்றிய தீயில் மாண்ட 45 இந்தியர்களில் 7 பேர் தமிழர்கள். அவர்களைக் கொன்றதும் அவர்கள் தங்கியிருந்த கட்டடம்தான்.

எஸ்டேட் ஏடுகள் தரும் பாடம்

தமிழர்களுக்கு இது புதிய அனுபவம் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கங்காணியை நம்பியும் ஒப்பந்தத்தில் கட்டுண்டும் மலாயாவின் கரும்பு, காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்குப் போனவர்கள், போன முதல் ஆண்டிலேயே மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் ஏராளமாக இறந்தார்கள். அவர்களும் இளைஞர்கள்தான், சோதித்துக் கப்பலேற்றப்பட்டவர்கள்தான். ரால்ஃப் ஷ்லொமோவிட்ஸும் லான்ஸ் பிரென்னனும் அந்தக் காலத்து அரசு அறிக்கைகளைக் கொண்டு இந்த இறப்புகளை 1990-களில் கணக்கிட்டார்கள்.

அந்தச் சாவைக் குறைத்த வேலையும் வரலாற்றில் இருக்கிறது. 1901-இல் கிள்ளானில் மருத்துவ அதிகாரியாக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். மலைத்தோட்டங்களில் அதே வழி பலிக்கவில்லை. காட்டை வெட்டியதால் வெயில் பட்ட ஓடைகளில் வேறொரு கொசு இனம் பெருகியதைக் கண்டறிந்து, நீரை நிலத்தடிக் குழாய்களில் விடவும் எண்ணெய் தெளிக்கவும் செய்தார்கள். தோட்டங்களில் சாவு இறங்கியது. எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில், எதனால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணிப் பார்த்ததால்தான் எந்த ஓடையைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெரிந்தது. காலனி அரசுக்கு அது ரப்பர் லாபத்துக்கான அக்கறை. நூறாண்டு கழித்து, நம் வாக்குகளால் அமைந்த அரசுகளுக்கு அதைவிடப் பெரிய அக்கறை இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, காரணத்தைக் கண்டுபிடிப்பது. இதற்கான முறை தமிழ்நாட்டிலேயே செம்மைப்படுத்தப்பட்டது. வேந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் 80,000 பெரியவர்களின் சாவுகளை, இறந்தவரின் வீட்டாரிடம் பேசி விசாரித்து, 2004-இல் வெளியிட்டார்கள். கடைசி நாட்களில் என்ன அறிகுறி இருந்தது என்று பயிற்சி பெற்ற பணியாளர் கேட்டு எழுத, அதைப் படித்து மருத்துவர் காரணத்தை முடிவு செய்வார். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வோர் உடலுக்கும் இந்த விசாரணையை நடத்தலாம். குடும்பத்தோடு, கூடத் தங்கியிருந்த நண்பர்களிடமும் போனில் கேட்கலாம்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், வெயிலிலா, இரண்டு நாளாகத் தலைசுற்றல் இருந்ததா? குடும்பம் ஒப்புக்கொண்டால் இங்கேயே பிணப் பரிசோதனைக்கும் ஏற்பாடு வேண்டும்.

இரண்டாவது, காப்பீடு. குடியேற்ற அனுமதி தேவைப்படும் தொழிலாளர்களுக்குக் கட்டாயமான ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமடைந்தாலோ 10 லட்ச ரூபாய் தருகிறது. ‘இயற்கை மரணம்’ என்ற ஒற்றைச் சொல் அந்தப் பணத்தைக் குடும்பத்திடமிருந்து பறித்துவிடுகிறது. காரணம் எழுதும் பொறுப்பு வேறொருவர் கையில் இருக்கும்போது, அவர் சரியாக எழுதாததற்கு விதவை தண்டனை அனுபவிக்கக் கூடாது. ஒப்பந்தக் காலத்தில் நேரும் எந்தச் சாவுக்கும் இந்தத் தொகை கிடைக்க வேண்டும். நேபாளத்தில் நலநிதி உதவிக்காக ஒவ்வொரு சாவும் அரசு வாரியத்தில் பதிவானதால்தான், மேலே சொன்ன வெப்ப ஆய்வும் சாத்தியமானது. பணம் தரும் ஏற்பாடே கணக்கையும் தந்தது.

மூன்றாவது, திரும்பியவர்களைத் தேடுவது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களின் படிவத்தில் மூன்று கேள்விகள் கூடினால் போதும்: வெளிநாட்டில் வேலை பார்த்தீர்களா, எத்தனை ஆண்டு, என்ன வேலை? ‘ஆம்’ என்பவருக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும், தூசி வேலை பார்த்தவருக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் எழுதிக்கொடுக்கலாம். சிறுநீரகம் முழுக்கக் கெட்டுப்போகும் முன்பே பலரை டயாலிசிஸிலிருந்து காப்பாற்ற இது வழி.

நான்காவது, ஒப்பந்தம் போடும் நேரத்திலேயே வெப்பம் பற்றிப் பேசுவது. தண்ணீர், நிழல், இடைவேளை மூன்றையும் மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் ஒழுங்காகக் கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. நாடுகளுக்கு இடையேயான தொழிலாளர் உடன்படிக்கைகளில் சம்பளம் இடம்பெறும் பக்கத்திலேயே இந்த மூன்றும் இடம்பெற வேண்டும்; மீறும் நிறுவனத்துக்கு ஆள் அனுப்பக் கூடாது.

இவற்றில் எதற்கும் வெளிநாட்டு அரசின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இறந்தவர்களின் பட்டியல் தூதரகங்களில் இருக்கிறது. உடலைக் கொண்டுவர உதவி கேட்டுக் குடும்பங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் கொடுத்த மனுக்கள் கோப்பில் இருக்கின்றன. விசாரிக்கும் முறை நம்மிடம் இருக்கிறது. கிராமம்தோறும் போகும் பணியாளர்களும் இருக்கிறார்கள். ராமநாதபுரத்திலும் பெரம்பலூரிலும் கடந்த ஐந்தாண்டுகளில் பெட்டியில் வந்த ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போய் விசாரித்து, அதை ஓர் ஆண்டுக்குள் வெள்ளை அறிக்கையாகச் சட்டமன்றத்தில் வைக்க முடியும். அனுப்பும்போது உடம்பை இத்தனை கவனமாகச் சோதிக்கும் ஏற்பாட்டுக்கு இந்த நாடு இடம் கொடுத்திருக்கிறது. அதே கவனத்தோடு சாவையும் விசாரிக்கும் கடமை அதற்கு உண்டு. அதைத் தமிழ்நாடு முதலில் தொடங்க வேண்டும்.